தைராய்டா, பரம்பரையா, பாலா? ஒன்பது வயது மகனின் பருமனுக்கு எது காரணம்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 138 செ.மீ., எடை 44 கிலோ. பிறந்தபோது 2.2 கிலோதான் இருந்தான். ‘பிள்ளை தேறவே இல்லையே’ என்று எல்லோரும் சொன்னதால் தாய்ப்பாலுடன் புட்டிப்பாலும் கொடுத்து வளர்த்தோம். 4 வயதிலிருந்து உடல் பூசத் தொடங்கியது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 6.2 என்று வந்திருப்பதால், தைராய்டுதான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள். என் மாமியாரோ, ‘இது நம் பரம்பரை உடல்வாகு, வளர வளர உயரம் இழுத்துக்கொள்ளும்’ என்கிறார். வீட்டில் எண்ணெய்ப் பண்டங்கள் அதிகம் செய்வதில்லை. இவனுடைய அக்காவும் இதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறாள், ஒல்லியாகவே இருக்கிறாள். காலையும் மாலையும் மால்ட் பவுடரும் சர்க்கரையும் கலந்த பால் கொடுக்கிறோம். பள்ளி முடிந்ததும் டியூஷன்; இரவு 11 மணிக்குத் தூங்கி, காலை 6 மணிக்கு எழுகிறான். அவன் எடை கூடியதற்கு உண்மையான காரணம் என்ன?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில், உங்கள் மகனுக்கு இருப்பது உடல் பருமன்தானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., அவனுக்கு 23.1 வருகிறது. பெரியவர்களுக்கான உலகளாவிய அட்டவணையில் இந்த எண் இயல்பான எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும். பல பெற்றோர் அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒவ்வொரு வயதுக்கும் எல்லை மாறும். 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தின்படி, 9 வயதுச் சிறுவனின் நடுத்தர பி.எம்.ஐ. ஏறத்தாழ 16; 20.5-ஐத் தாண்டினாலே அது பருமன். ஆகவே உங்கள் கவலை நியாயமானது.

அடுத்து தைராய்டு. இந்தச் சந்தேகத்தோடு வரும் ஒரு குழந்தையிடம் மருத்துவர் முதலில் பார்ப்பது எடையை விட உயரத்தைத்தான். தைராய்டு சுரப்புக் குறைவு, அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் மிகுதியாகச் சுரக்கும் குஷிங் நோய், வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு ஆகிய மூன்றுமே எடையைக் கூட்டும்போது உயர வளர்ச்சியைத் தடுத்துவிடும்; அந்தக் குழந்தைகள் பருமனாகவும் தம் வயதினரை விடக் குட்டையாகவும் இருப்பார்கள். உங்கள் மகன் 9 வயதுச் சிறுவர்களின் சராசரியான 132, 133 செ.மீ.யை விட 5 செ.மீ. அளவுக்கு உயரமாக இருக்கிறான். தேவைக்கு மேல் கிடைக்கும் ஆற்றல் எலும்பு வளர்ச்சியையும் சற்று முன்கூட்டியே தூண்டுவதால், சாதாரணப் பருமன் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் வயதுக்கு மீறிய உயரத்துடன் இருப்பார்கள். இந்த ஒரு தடயமே ஹார்மோன் நோய்க்கான வாய்ப்பை வெகுவாகக் குறைத்துவிடுகிறது.

அப்படியானால் டி.எஸ்.எச். 6.2 ஏன் வந்தது என்று கேட்பீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும் என்பது சரிதான்; ஆனால் பருமனும் இதைக் கூட்டும். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடலில் கொழுப்பு கூடும்போது தானும் கூடி, மூளையின் வழியாக டி.எஸ்.எச். சுரப்பைச் சற்று உயர்த்துகிறது. பருமனான குழந்தைகளில் கணிசமானோருக்கு 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட அளவு காணப்படுவதும், எடை குறையும்போது அதுவும் இறங்குவதும் நன்கு அறியப்பட்டவை. அதாவது உங்கள் மகனிடம் பெரும்பாலும் பருமன் முன்னதாகவும், டி.எஸ்.எச். உயர்வு அதன் விளைவாகவும் வந்திருக்க வேண்டும். தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 அளவையும், தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டும் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்தால், உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பரம்பரை என்று உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான 540 பேரைப் பற்றி 1986-இல் வெளிவந்த ஆய்வில், அவர்களுடைய உடல்வாகு வளர்த்த பெற்றோரோடு ஒத்துப்போகவில்லை, பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது. மரபணு எந்த வழியில் வேலை செய்கிறது என்பதை 1997-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட இரு குழந்தைகள் காட்டினார்கள். ஒன்றுவிட்ட உறவினர்களான அவர்களில் 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ, 2 வயதுப் பையனின் எடை 29 கிலோ. அவர்களுடைய உடலில் லெப்டின் ஏறக்குறைய சுரக்கவே இல்லை. ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய அந்த ஹார்மோன் இல்லாததால், எவ்வளவு உண்டாலும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. லெப்டினை ஊசியாகச் செலுத்தத் தொடங்கியதும் பசி அடங்கி எடையும் இறங்கியது. இத்தகைய ஒற்றை மரபணுக் கோளாறு மிக மிக அரிது. அது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே கட்டுக்கடங்காத பசியோடு வெளிப்பட்டுவிடும். ஆனால் பசியும் நிறைவும் பிள்ளையின் மன உறுதியைச் சார்ந்தவை என்று நினைத்துக் ‘கொஞ்சம் வாயைக் கட்டினால் என்ன?’ என்று திட்டும் பெரியவர்கள் அனைவரும் அந்த இரு குழந்தைகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்பேன்.

பெரும்பாலான குழந்தைகளிடம் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களித்து, ஒருவருக்குச் சீக்கிரம் நிறைவையும் இன்னொருவருக்குத் தாமதமான நிறைவையும் தருகின்றன. உடன்பிறந்தவர்களுக்கிடையே இவற்றில் சராசரியாகப் பாதிதான் பொதுவானவை. அக்கா இரண்டு தோசையோடு எழுந்துவிடுவதற்கும் தம்பி நான்காவதைக் கேட்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒரே அடுப்பில் வெந்த சோறு என்பதற்காக இருவரும் உண்ணும் அளவும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதே வேளையில், மரபணுவை மட்டும் காரணமாகக் காட்டி ஒதுங்கிவிடவும் முடியாது. உலக அளவில் 5 முதல் 19 வயதினரிடையே பருமன் 1990-இல் 2 விழுக்காடாக இருந்து 2022-இல் 8 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. முப்பது ஆண்டுகளில் மனிதரின் மரபணு மாறிவிடாது. மாறியவை உணவும், தெருவும், உறங்கும் நேரமும்தான்.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தவை, பிறப்பு எடை 2.2 கிலோ என்பதும் 4 வயதில் உடல் பூசியது என்பதும்தான். புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர், அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டனர். புனேக் குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைகளுடையது சுமார் 3.5 கிலோ. தசையும் வயிற்று உள்ளுறுப்புகளும் நம் குழந்தைகளுக்கு வெகுவாகக் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவில் போதிய ஊட்டம் கிடைக்காத குழந்தை, கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமிக்கும் உடலோடு பிறக்கிறது என்பதே இதன் பொருள். அப்படிப் பிறந்த குழந்தையின் எடை முதல் ஈராண்டுகளில் மிக வேகமாக ஏற்றப்படும்போது, தசையைக் காட்டிலும் கொழுப்பே கூடுதலாகச் சேர்கிறது. புட்டியின் கடைசி சொட்டு வரை குடிக்கவைக்கும் வழக்கம், வயிறு நிறைந்தால் வாயைத் திருப்பிக்கொள்ளும் இயல்பையும் குழந்தையிடம் மங்கச் செய்துவிடுகிறது. இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளியாக்க அன்று. 2.2 கிலோ குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாயிடம், அதன் எடை கூட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது கூட வேண்டியதும் உண்மைதான். எந்த வேகத்தில் கூட வேண்டும் என்பதை வரைபடத்தில் குறித்துக் காட்டியிருக்க வேண்டியது எங்களைப் போன்ற மருத்துவர்களின் வேலை.

குழந்தைகளின் பி.எம்.ஐ. முதல் வயதில் ஏறி, பிறகு இறங்கி, 5 அல்லது 6 வயதில் மிகக் குறைந்த அளவைத் தொட்டு மீண்டும் ஏறத் தொடங்கும். இந்த மறு ஏற்றம் 5 வயதுக்கு முன்பே தொடங்கும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் பருமன் ஏற்படும் வாய்ப்பு அதிகம். உங்கள் மகனுக்கு அது 4 வயதிலேயே தொடங்கிவிட்டது. அந்த வயதில் ‘இப்போதுதான் பிள்ளை தேறியிருக்கிறான்’ என்று வீட்டில் மகிழ்ந்திருப்பீர்கள்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம், ஏனெனில் மாற்ற முடிந்த காரணங்கள் இங்கேதான் இருக்கின்றன. எண்ணெய்ப் பண்டங்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பாலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். மால்ட் பவுடர்கள் பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை சர்க்கரையே இருக்கும் என்பதை டப்பாவின் பின்புறம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். 20 கிராம் பவுடர் போட்டால் அதில் 6, 7 கிராம். இரு வேளைக்கும் சேர்த்து ஏறத்தாழ 33 கிராம் சர்க்கரை ஆகிறது. இந்த வயதில் ஒரு நாள் தேவை சுமார் 1,700 கலோரி. அதில் சேர்க்கப்படும் சர்க்கரை 10 விழுக்காட்டுக்குள், அதாவது சுமார் 42 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்றும், 5 விழுக்காடாகக் குறைப்பது இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வேறு எதையும் சாப்பிடுவதற்கு முன்பே உங்கள் மகன் அந்த வரம்பின் முக்கால் பங்கைக் குடித்துவிடுகிறான். ஒரு சிறிய பாட்டில் குளிர்பானம் சேர்ந்தால், அதிலிருந்து வரும் 30 கிராமோடு வரம்பு உடைந்துவிடும். இந்தப் பவுடர்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிகத் துறை அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களை அறிவுறுத்தியதை நினைவூட்டுகிறேன். அப்படி ஒரு பிரிவே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது. வெறும் பால் போதும். அதுவும் பிடிக்காவிட்டால், மோரும் முட்டையும் சுண்டலும் அவனுக்கு வேண்டிய புரதத்தைத் தந்துவிடும்.

பள்ளிக்கும் டியூஷனுக்கும் இடையே அவன் என்ன சாப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பாக்கெட் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், பேக்கரி பப்ஸ் போன்றவை மெல்லும் வேலையே இல்லாமல் வேகமாக உள்ளே போய்விடுவதால், நிறைவுணர்வு வருவதற்குள் அளவு மீறிவிடுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 20 பெரியவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு கொடுக்கப்பட்ட இரு வாரங்களில் அவர்கள் நாள்தோறும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு உணவு முறைகளிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை ஒரே அளவில் வைக்கப்பட்டிருந்தும் இப்படி நேர்ந்தது. கைப்பேசி பார்த்துக்கொண்டே சாப்பிடும் பழக்கமும் இவ்வாறே நிறைவுணர்வைத் தாண்டிச் செல்ல வைக்கும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. உங்கள் மகனின் பள்ளி வாசலில் நின்று ஒருமுறை பாருங்கள்.

தூக்கத்தை யாருமே காரணமாகக் கருதுவதில்லை. நான் அதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். உங்கள் மகன் 7 மணி நேரமே தூங்குகிறான். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, நிறைவைத் தரும் லெப்டின் குறைகிறது. விழித்திருக்கும் நேரம் நீள்வதால் தின்னும் நேரமும் நீள்கிறது. மாலையில் ஓடி விளையாட வேண்டிய நேரத்தை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு விளையாட வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. டியூஷனை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாரத்தில் சில நாள்களாவது அதை முன்னதாக முடித்து, இரவு உணவை 8 மணிக்குள் கொடுத்து, 9 மணிக்குப் படுக்கவைக்க முடியுமா என்று பாருங்கள். இதையும் மால்ட் பாலையும் மாற்றுவதுதான் உங்கள் வீட்டில் மிகுந்த பலன் தரும் என்பது என் கணிப்பு.

உயரம் இழுத்துக்கொள்ளும் என்ற மாமியாரின் நம்பிக்கை, எடை நின்றால் மட்டுமே பலிக்கும். அவன் 44 கிலோவிலேயே இருந்து, இரண்டு ஆண்டுகளில் 150 செ.மீ. உயரத்தை எட்டினால் பி.எம்.ஐ. 19.6 ஆகும், 11 வயதில் பருமனுக்கான எல்லை 22.5 என்பதால் அவன் அந்த எல்லையை விட்டு வெளியே வந்திருப்பான். ஆகவே பட்டினியோ, சோற்றை அறவே நிறுத்துவதோ, எடை குறைப்புப் பவுடரோ வேண்டாம். மாற்றங்களை வீடு முழுவதற்கும் பொதுவாகச் செய்யுங்கள். அக்காவுக்கு மட்டும் சர்க்கரைப் பால் கொடுத்துவிட்டு இவனைப் பார்க்கவைப்பது கொடுமை. ‘குண்டு’ என்று வீட்டில் யாரும் அவனை அழைக்கவும் அனுமதிக்காதீர்கள்.

குழந்தைகள் நல மருத்துவரிடம் போகும்போது அவனுடைய பழைய உயர, எடைக் குறிப்புகளை, தடுப்பூசி அட்டை உட்பட, எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ சிறுநீரக நோய்க்கோ ஸ்டீராய்டு மாத்திரையையும், வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்தையும் நீண்ட நாள் உட்கொண்டிருந்தால் அவையும் எடையைக் கூட்டும். அப்படி ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலக் கருத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது தேய்த்தால் போகும் அழுக்கன்று. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி., கொழுப்பு அளவுகள், கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. ஆகியவற்றை ஒருமுறை பார்ப்பது நல்லது. இரவில் பலமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தாகமும், விடாத தலைவலி, இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். எதுவும் இல்லையென்றால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் ஒரே கருவியில் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். உயரம் ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாகக் கூடுமானால் மட்டும், ஹார்மோன் கேள்வியை நாம் மறுபடியும் எடுத்துக்கொள்வோம்.