பழைய கம்ப்யூட்டர், இலவச லினக்ஸ், ஏமாற்றும் பில்: வாசகர் கேள்வி-பதில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை (பாதுகாப்பு அப்டேட் தருவதை) 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரிக் கடிதங்கள் வருகின்றன. அதனால் இந்த முறை முழுக்க ஓஎஸ் விஷயம்தான், அதாவது கம்ப்யூட்டரை இயக்குகிற ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

2016-ல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். பென்ஷன் பணத்தில் இப்போது முடியாது.
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்*

வாங்காதீர்கள் ஐயா. விண்டோஸ் 11 ஏறாது என்பது உண்மை. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். உங்களுடையது அதற்கு முந்தியது. ஆனால் அதனால் லேப்டாப் கெட்டுப்போய்விடவில்லையே. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போடுங்கள், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு உங்கள் 4 ஜிபி போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் போடச் சொல்லுங்கள், வேகத்தில் பெரிய வித்தியாசம் அதில்தான் தெரியும்.

போடுவதற்கு முன்னால் இரண்டு வேலை. போட்டோ, பென்ஷன் காகிதங்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அப்புறம் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள், உள்ளே எதையும் அழிக்காது. வைஃபை, சத்தம், கேமரா மூன்றும் வேலை செய்தால் தைரியமாக இன்ஸ்டால் செய்யலாம்.

ஆடிட்டர் ஆபீஸ். டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிற கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போடலாமா?
*– மஞ்சக்குப்பம்*

வேண்டாம், டேலி விண்டோஸுக்கானது.

ஆன்லைனில் லேப்டாப் வாங்கினேன். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வருகிறது. விண்டோஸ் இல்லாமல் விற்றது மோசடிதானே?
*– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை*

இல்லை. நீங்கள் அனுப்பிய படத்திலேயே ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம்: டாஸ்’ என்று தெளிவாக இருக்கிறது, அப்படியென்றால் விண்டோஸ் இல்லை என்று அர்த்தம். அதே மாடல் விண்டோஸுடன் அதிக விலைக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது. குறைந்த விலையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்காமல் பணம் கட்டினால் விற்றவரை எப்படிக் குற்றம் சொல்வது? திருப்பி அனுப்பி அலைய வேண்டாம், உபுண்டு என்ற இலவச லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். புரோகிராமிங் படிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு குறையும் வராது.

சொந்தமாக டைப்பிங் சென்டர் நடத்துகிறேன். கடலூரில் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டர் மூன்று வாங்கினேன். ‘ஒரிஜினல் விண்டோஸ்’ என்று பில்லில் தனியாக 9,000 ரூபாய் போட்டார்கள். ஆறு மாதத்தில் மூன்றிலும் ‘ஆக்டிவேட் செய்யவும்’ என்று வருகிறது. கேட்டால் திட்டுகிறார்கள்.
*– வாசகி, வில்லியனூர்*

அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், தயங்காமல் புகார் கொடுங்கள். பில்லை வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய பலம். முதலில் எழுத்தில் பணம் திரும்பக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கடலூரில் இருந்தாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு செல்லாது’ என்று கடைக்காரர் மிரட்டினால் பயப்படாதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிய பொருளுக்குச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது.

இதில் எனக்குப் பல வருடக் கோபம் ஒன்று உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருட்டு விண்டோஸைப் போட்டு, அதற்கு ‘சாஃப்ட்வேர் சார்ஜ்’ என்று காசு வாங்குவது நம் ஊர்க் கடைகளில் சர்வசாதாரணமாகிவிட்டது. அதை ஆக்டிவேட் செய்ய ஓட்டுகிற கிராக் நிரல்கள் முதல் வேலையாக ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும், கூடவே எது உள்ளே வருகிறது என்று போடுகிற பையனுக்கும் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் நம் ஜனங்கள் ஆதார் நகல் எடுக்கிறார்கள், பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிறார்கள். சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிற, யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து சோதிக்க முடிகிற ஓஎஸ் இருக்கும்போது எதற்கு இந்தத் திருட்டு? ‘கஸ்டமருக்குப் பழக்கமில்லை’ என்பார்கள். தமிழ்நாடு அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த நம் மாஹேயைச் சுற்றியிருக்கும் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். பழக்கம் கொடுத்தால் வரும். வாங்குகிறவருக்கு காசு கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ், இலவச லினக்ஸ் என்று இரண்டு வழியையும் சொல்லி, எது வேண்டும் என்று கேட்பதுதான் நியாயமான வியாபாரம்.

உபுண்டு போட்டுக் கொடுத்து ‘ஒரு வருட லைசென்ஸ்’ 2,400 ரூபாய் வாங்கினார். சரியா?
*– பண்ருட்டி*

போட்டுக் கொடுத்த வேலைக்குக் கூலி வாங்கலாம், அதில் தப்பே இல்லை. லினக்ஸ் வெளிவருகிற ஜிபிஎல் என்ற திறந்த நிரல் உரிமமே பிரதிக்குக் காசு வாங்குவதை அனுமதிக்கிறது. ஆனால் வீட்டில் உபுண்டு ஓட்ட வருடா வருடம் கட்ட வேண்டிய லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் கம்பெனிகளுக்குச் சந்தா விற்பது வேறு கதை. நியாயமான கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கேளுங்கள், அடுத்த வருடம் ‘ரினீவல்’ என்று வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

உபுண்டு, மின்ட், டெபியன், காலி (Kali) எல்லாமே லினக்ஸ்தான் என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை பெயர்? ஹேக்கிங் கற்க காலி போடச் சொல்கிறான் தம்பி.
*– நெய்வேலி*

லினக்ஸ் என்பது ஓஎஸ்ஸின் நடுவில் இருந்து கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்குகிற கெர்னல், 1991-ல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. அதைச் சுற்றி ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தின் கருவிகள், திரை, பிரவுசர், ஆபீஸ் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு குழுவும் ஒரு பெயரில் தருகிறது. 1993-ல் டெபியன், அதிலிருந்து 2004-ல் உபுண்டு, அதிலிருந்து 2006-ல் மின்ட். நிரல் திறந்தே இருப்பதால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்று இப்படிப் பிறக்க முடிகிறது.

காலி, பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கானது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மின்ட் போதும்.

தமிழில் டைப் செய்ய முடியுமா?
*– திருப்பாதிரிப்புலியூர்*

முடியும். தமிழ்99 விசைப்பலகை செட்டிங்கிலேயே இருக்கிறது, கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ். பழைய பாமினி எழுத்துருவில் உள்ள கோப்புகளை மட்டும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் போட்டாச்சு, எல்லாம் சரி. பிரிண்டர் மட்டும் அசையவில்லை.
*– கடலூர் முதுநகர்*

உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும். ‘எல்லா சிஸ்டத்திலும் ஓடும்’ என்று கடைக்காரர் அடித்துச் சொல்லித்தான் நானும் ஒரு லேசர் பிரிண்டர் வாங்கினேன். அதற்கு விண்டோஸ் டிரைவர் மட்டும்தான் இருந்தது, மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்கள், இன்றைக்கும் துணி போர்த்தி மூலையில் கிடக்கிறது. உங்கள் மாடல் எண்ணை ஓப்பன்பிரிண்டிங் தளத்தின் பட்டியலில் தேடுங்கள், ஹெச்பி என்றால் ஹெச்பிஎல்ஐபி என்ற தொகுப்பை நிறுவிப் பாருங்கள். புதிதாக வாங்கினால் ஏர்பிரிண்ட் என்ற நெட்வொர்க் பிரிண்டிங் வசதி உள்ளதாகப் பாருங்கள், அவை பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸில் ஓடும். பணம் கொடுப்பதற்கு முன் லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப்போய் ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் வேறு கடை பாருங்கள்.