எதிர்ப்பு சக்தி கூடினால் மலேரியா குறையுமா?

கேள்வி: ஒரு மூலிகைச் சாறு கொடுத்த எலிகளுக்கு மலேரியாவை எதிர்க்கும் சக்தி கூடியது என்று ஆய்வுச் செய்தி ஒன்றில் படித்தேன். அந்த மூலிகையைக் காய்ச்சிக் குடித்தால் மலேரியா வராதா?

பதில்: அந்தச் செய்தியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 'சக்தி கூடியது' என்பதிலேயே எனக்கு நெருடல் இருக்கிறது, முதலில் அதைப் பேசிவிடுவோம். மலேரியாக் கிருமி கல்லீரலில் பெருகி, இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அங்கேயும் பெருகி, சுமார் 48 மணி நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது (ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரண்டு மலேரியாக் கிருமி வகைகளுக்கும் இதே கணக்கு). அப்போது உள்ளே இருந்த கழிவெல்லாம் இரத்தத்தில் கொட்ட, கிருமிகளை விழுங்கும் நம் மேக்ரோஃபேஜ் செல்கள் டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்களை, அதாவது எதிர்ப்பு மண்டலத்தின் தூதுப் பொருட்களை, சுரக்கின்றன. நடுக்கமும் காய்ச்சலும் அதன் விளைவுதான். அதாவது காய்ச்சலை மூட்டுவது கிருமி மட்டும் இல்லை, நம் உடம்பும்தான்.

ஆரம்ப நாட்களில் இந்தச் சைட்டோகைன்கள் வேகமாகச் சுரப்பது நல்லது, கிருமி கட்டுப்படும். ஆனால் அதே வேகம் அடங்காமல் போனால் மூளையின் நுண்குழாய்கள் வீங்கி, அங்கே ஒட்டிக்கொண்ட, கிருமி புகுந்த சிவப்பணுக்களோடு சேர்ந்து ஆளையே சாய்த்துவிடும். இதற்கு பிரேக் போடத்தான் உடம்பு ஐஎல்-10 என்ற இன்னொரு சைட்டோகைனை வைத்திருக்கிறது. ஆகவே 'கூடியது' என்றால் எது கூடியது, எத்தனையாவது நாளில் கூடியது என்று கேட்க வேண்டும்.

சரி, அந்த வேகத்தை மருந்தால் அடக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். மலேரியா மூளையைத் தாக்கிய நோயாளிகளுக்கு, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்த தாய்லாந்து ஆய்வு 1982-ல் வெளிவந்தது: இறப்பு குறையவில்லை, மயக்கம் தெளியத்தான் அதிக நேரம் ஆனது. காம்பியாவில் குழந்தைகளுக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஆன்டிபாடி கொடுத்தார்கள், 1996-ல் வந்த முடிவின்படி உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை, நரம்புப் பாதிப்புதான் அதிகமானது. குறிவைத்துச் செய்த மருந்துகளே இப்படி என்றால், நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்த ஒரு சாறு சரியான நாளில் ஏற்றிச் சரியான நாளில் இறக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் எலி ஆய்வுகளே வீணா?

பதில்: வீண் இல்லை, படிக்கத் தெரிய வேண்டும். வழக்கமான சோதனையில் எலிக்குக் கிருமியை ஏற்றி, அன்று தொடங்கி நான்கு நாள் சாறு கொடுத்து, அப்புறம் வாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஸ்லைடில் கிருமியை எண்ணுவார்கள். கிருமி குறைந்திருக்கிறது, டிஎன்எஃப்பும் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாறு எதிர்ப்பு மண்டலத்தை மாற்றியதா, இல்லை கிருமியை நேரடியாகக் கொன்றதால், சண்டை போட ஆளில்லாமல் டிஎன்எஃப் தானாக இறங்கியதா? இதைப் பிரிக்க, சிவப்பணுக்கள் மட்டும் உள்ள குடுவையில் கிருமியை வளர்த்து அதே சாற்றை ஊற்றிப் பார்க்க வேண்டும். அங்கே எதிர்ப்புச் செல்களே கிடையாது, அங்கும் கிருமி செத்தால் சாறு நேரடியாகவே கொல்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனை இல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

இன்னொரு தொல்லை: செடியில் ஒட்டியிருந்த பாக்டீரியாவின் நச்சு கொஞ்சம் சாற்றில் கலந்துவிட்டாலும் மேக்ரோஃபேஜ்கள் துள்ளி எழும். அதைப் பார்த்து மூலிகையின் மகிமை என்று எழுதிவிடலாம்!

கேள்வி: மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதானே?

பதில்: ஆமாம், ஆனால் அந்தக் கதை கஷாயத்துக்குச் சாதகமாக இல்லை. சீனாவில் விஞ்ஞானி து யூயூவின் குழு அந்தச் செடியைச் சூடாக்கிப் பிரித்தபோது பலன் நிலையாக வரவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹொங் எழுதிய குறிப்பில், ஒரு கைப்பிடி செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. அதைப் படித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தார்கள், 1971-ல் பலன் கிடைத்தது, 2015-ல் நோபல் பரிசு. அந்த மருந்தும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டி வேலை செய்வதில்லை, கிருமிக்குள் இருக்கும் இரும்போடு வினைபுரிந்து கிருமியைச் சிதைக்கிறது. இலைக்கு இலை அதன் அளவு மாறுவதால் டீ போட்டுக் குடித்தால் அரைகுறையாகத்தான் கிருமி சாகும், மிச்சம் திரும்பப் பெருகும். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் அந்த டீயையோ இலைப்பொடியையோ ஆதரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

கேள்வி: மாத்திரையோடு கஷாயமும் குடிக்கலாமா?

பதில்: டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். மலேரியா மாத்திரையில் உள்ள ஆர்ட்டிமீத்தர், லூமிஃபான்ட்ரின் என்ற மருந்துகள் இரண்டையும் கல்லீரலில் ஒரே நொதிதான் (என்சைம்) முக்கியமாகச் சிதைக்கிறது, சில தாவரப் பொருட்கள் அந்த நொதியைத் தடுக்கும், சில தூண்டிவிடும். மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். காய்ச்சல் என்று போகும்போது இரத்தப் பரிசோதனை கேளுங்கள், என்ன குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.