அமெரிக்காவில் பிடிஏ படிக்கலாமா? எச்-4 விசாவில் வந்த சகோதரிக்கு

சகோதரி, பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் அமெரிக்கா வந்திருக்கிறீர்கள். பிடிஏ, அதாவது பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட் (இயன்முறை சிகிச்சையாளரின் உதவியாளர்) படிக்கலாமா, வேலை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம், நல்ல வேலை. ஆனால் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் விசாவைப் பாருங்கள். எச்-4இல் படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை செய்ய ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். பெரும்பாலும் கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு, ஒப்புதலான பிறகுதான் அது கிடைக்கும். படித்து முடித்து எச்-1பிக்கு மாறிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்காதீர்கள். அந்த விசா இளங்கலைப் பட்டம் தேவைப்படும் வேலைகளுக்கானது. பிடிஏவுக்கு இரண்டாண்டு அசோசியேட் பட்டமே போதும்.

இனி வேலை. நோயாளியைப் பரிசோதித்து, சிகிச்சைத் திட்டம் வகுப்பது தெரபிஸ்ட். அதை நடத்திக் காட்டுவது பிடிஏ. மூட்டு மாற்று அறுவை செய்தவர் வந்தால், முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டரில் அளப்பீர்கள், பயிற்சி செய்ய வைப்பீர்கள், இடுப்பில் பெல்ட் கட்டிப் பலவீனமான பக்கம் சற்றுப் பின்னால் நின்று நடக்க வைப்பீர்கள். காலைத் தூக்கும் பயிற்சியை 10 முறையிலிருந்து 15 ஆக்குவது, திட்டம் இடம் கொடுத்தால், உங்கள் கையில். இலக்கை மாற்றுவதும் சிகிச்சையை முடித்து அனுப்புவதும் தெரபிஸ்ட் மட்டுமே செய்யலாம். கெண்டைக்கால் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம்; பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே தெரபிஸ்டைக் கூப்பிட வேண்டும். இந்த எல்லைக்கோடு மனதில் பதிந்திருப்பதுதான் நல்ல பிடிஏவுக்கு அடையாளம். எய்ட் என்று இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு லைசென்ஸ் கிடையாது, சிகிச்சை தரும் உரிமையும் கிடையாது. விளம்பரம் பார்க்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படிப்புக்கு கேப்டி (பிசிக்கல் தெரபி படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத படிப்பால் லைசென்ஸ் கிடைக்காது. வழக்கமாக ஐந்து செமஸ்டர். அதில் சுமார் 16 வாரம் மருத்துவமனை, கிளினிக் என்று முழுநேரப் பயிற்சி; பொதுவாகச் சம்பளம் இராது. உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியலை வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றில் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்குங்கள், பொதுவான மதிப்பீடு போதாது. அப்படியும் அனாட்டமி, பிசியாலஜி இரண்டையும் ஆய்வகத்தோடு இங்கே மறுபடி படிக்கச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. பழைய அறிவியல் பாடங்களை ஏற்காத இடங்களும் உண்டு.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது, மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகுமுன் காட்ட வேண்டிய தடுப்பூசிக் கோப்பில். ஹெபடைடிஸ் பி வழக்கமாக மூன்று ஊசி, முதலுக்கும் கடைசிக்கும் ஆறு மாத இடைவெளி. பயிற்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கினால் முடியாது. காசநோய்க்குத் தோல் சோதனை வைத்தால், சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நமக்கு நோய்த்தொற்று இல்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று அலைச்சல். ஆரம்பத்திலேயே ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். பிசிஜி அதைக் குழப்பாது. சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தித் தரும் முதலுதவி) சான்றிதழையும் ஆன்லைனில் மட்டும் முடிக்காதீர்கள். பொம்மை மீது செய்து காட்டிப் பெற்ற அட்டையைத்தான் பெரும்பாலும் ஏற்பார்கள்.

பட்டம் கிடைத்தபின் என்பிடிஇ என்ற தேசியத் தேர்வு, ஆண்டுக்கு நான்கு முறை. 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. 12 மாதத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம். அதனால் "எழுதிப் பார்ப்போம்" என்று போகாதீர்கள்.

லைசென்ஸ் தருவது மாநிலம். கணவர் வேலை மாறி வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே லைசென்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன்: பிடி காம்பாக்ட் என்ற, மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கும் மாநிலத்தில் குடியிருந்து லைசென்ஸ் எடுத்தால், அதில் சேர்ந்த மற்ற மாநிலங்களில் புது லைசென்ஸ் இல்லாமலே கட்டணம் செலுத்தி அனுமதி பெற்று வேலை செய்யலாம். உங்கள் மாநிலம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.