எங்கே அடிப்பது? விறகு பிளப்பது குறித்த கேள்வி பதில்

எரிவாயு உருளை இல்லாத வீடு இன்று அரிது. ஆனாலும் வெந்நீர் அடுப்பு, விசேஷத்துக்குக் கல் கூட்டிய அடுப்பு என்று கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் விறகுக்கு இன்னும் வேலை இருக்கிறது. காங்கேயம் பக்கம் கொறங்காடும் (மேய்ச்சல் காடு) மாடுகளுமாக இருப்பவன் நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவிநாசியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கோவையில் கணினி வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மாவுக்கு விறகு பிளந்து கொடுக்கலாம் என்று இறங்கினேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம், கட்டை அசையவில்லை. எனக்குப் பலம் போதாதா?

பலம் போதும் தம்பி. அதைக் கட்டையின் நட்டநடுவில் கொண்டுபோய் இறக்கியிருப்பீர்கள். மரம் எங்கே பிளக்கத் தயாராக இருக்கிறது என்பதை மரமே எழுதி வைத்திருக்கும். காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் குறைவாகவும் சுருங்கும். அந்த இழுபறியில்தான் அறுத்த முகத்தில் கீறல் விழுகிறது.

இதை எழுதும்போது வாசலில் ஒரு வெள்வேல முண்டு, அதாவது அறுத்த கட்டைத் துண்டு, கிடக்கிறது. நடுவில் செம்பழுப்பாக வைரம் (மரத்தின் இறுகிய நடுப்பகுதி), சுற்றிலும் வெளிறிய வளையம், அதற்கு மேல் பட்டை. வைரத்திலிருந்து மூன்று கீறல்கள் புறப்படுகின்றன. இரண்டு பாதியிலேயே நின்றுவிட்டன. ஒன்று மட்டும் வெளிறைத் தாண்டிப் பட்டை வரை வந்து, அங்கே நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருக்கிறது. அடி அந்தக் கோட்டில்தான் விழ வேண்டும், அதுவும் விளிம்போரமாக. முதல் அடிக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். கீறல் நீண்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நீண்டிருந்தால் அதே இடத்தில் இன்னொன்று. கட்டை எழுப்பும் ஓசை மாறுவது காதுக்கே தெரியும். கணீரென்று இருந்தது தளர்ந்து ஒலித்தால் அடுத்த அடியில் பிளந்துவிடும்.

பெரிய அடிமரமாக இருந்தால் இரண்டாகப் பிளக்கவே முயலாதீர்கள். விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சிம்பு சிம்பாக எடுத்துக்கொண்டே உள்ளே போங்கள். கணு இருந்தால் அந்த முனையைத் தரைப் பக்கம் வைத்து, கணு இல்லாத முனையிலிருந்து தொடங்குங்கள். கவைக்கட்டையை எடுத்துத் தனியே போட்டுவிடுங்கள். பந்தலுக்கு முட்டுக் கொடுக்க உதவும். அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

பெருந்துறையிலிருந்து: எந்தக் கோடாலி வாங்குவது? எப்படி நிற்பது?

மரத்தை வெட்டிச் சாய்க்கும் மெல்லிய கோடாலி வேறு, பிளக்கும் கோடாலி வேறு. பிளப்பதற்கு அலகின் இரு பக்கமும் தடித்து, ஆப்புபோல இருக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு முன்பின் எடை இருந்தால் போதும். கனமான கோடாலியை மெதுவாக இறக்குவதைவிட, அளவான கோடாலியை வேகமாக இறக்குவதில்தான் விசை அதிகம். வாய் சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டியதில்லை, மொண்ணையாகவும் இருக்கக் கூடாது. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.

நிற்பதைப் பற்றித் தனியே கேட்டீர்கள், நல்லது. முண்டை வெறும் தரையில் வைக்காமல், முழங்காலுக்குக் கீழே நிற்கும் ஓர் அடிக்கட்டையின் மேல் வையுங்கள். அதுவும் உங்கள் பக்கம் அல்ல, அந்தப் பக்கத்து விளிம்பில். குறி தப்பினால் அலகு அடிக்கட்டையில் புதையும், கணுக்காலில் அல்ல. கால்களை அகட்டி நின்று, கோடாலி இறங்கும்போது முழங்காலும் சேர்ந்து மடங்கட்டும். விறைத்துக்கொண்டு நின்றால் கோடாலி வளைந்து காலை நோக்கி வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலில் பிளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். மூடிய செருப்பு வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

திருச்செங்கோட்டிலிருந்து: கோடாலி கட்டையில் மாட்டிக்கொண்டால் அதன் முதுகில் சம்மட்டியால் அடிக்கலாமா?

கூடாது. கோடாலியில் காம்பு நுழையும் காது விரிந்துவிடும், பிறகு எந்தக் காம்பும் நிற்காது. காம்பின் நுனியைக் கையால் கீழே தட்டி, மேலே தூக்கி அசைத்து எடுங்கள். வராவிட்டால் பக்கத்தில் இரும்பு ஆப்பு ஒன்றை இறக்குங்கள். சம்மட்டி ஆப்புக்குத்தான். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல் விரிந்திருந்தால் அதை முதலில் அராவிவிடுங்கள். அந்த ஓரத்திலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு சதைக்குள் இறங்கிவிடும்.

சென்னிமலையிலிருந்து: பச்சையாகப் பிளப்பதா, காயவிட்டுப் பிளப்பதா? எந்த மரம் எப்படி?

ஒரே விடை கிடையாது, மரத்துக்கு மரம் மாறும். சீமைக்கருவேலம், வேலாமரம் இரண்டையும் வெட்டிய சூட்டோடு பிளந்துவிடுங்கள். காய்ந்து வைரம் இறுகிவிட்டால் கோடாலி எகிறும். தைலமரமும் அப்படித்தான். அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும், காய்ந்தபின் பிளந்தால் நேராக வராது. சவுக்கு சொன்னபடி கேட்கும். வேம்பு நடுத்தரம், நார் பின்னிக் கிடக்கும் இடத்தில் மட்டும் வம்பு செய்யும். புளியமரத்தின் அடிக்கட்டையை விட்டுவிடுங்கள். கறிக்கடையில் கறி வெட்டப் புளியங்கட்டையைப் போடுவது அது பிளக்காது என்பதால்தான். கிளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முருங்கையைப் பிளப்பது சுலபம், எரிப்பதுதான் கஷ்டம். நனைந்த பஞ்சு மாதிரி புகைந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொறங்காட்டு வெள்வேல மரத்தை விறகுக்காக வெட்டாதீர்கள். அதன் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி, அதன் நிழல் கோடையில் பட்டிக்கே உயிர். காற்றில் முறிந்து விழுந்ததையும் பட்டுப்போனதையும் எடுத்தாலே வீட்டுக்குப் போதும். சீமைக்கருவேலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், யாரும் அழப்போவதில்லை. முள்ளை மட்டும் முதலிலேயே கழித்துத் தூரப் போட்டுவிடுங்கள். குத்தினால் நாள்கணக்கில் வீங்கி வலிக்கும். உள்ளே ஒடிந்துவிட்டால் மருத்துவரிடம் போவதே நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து: பட்டுப்போன தென்னைகளை அறுத்து வைத்திருக்கிறோம். கோடாலி உள்ளேயே இறங்க மாட்டேன் என்கிறதே?

தென்னையும் பனையும் மற்ற மரங்களைப் போல வளையம் வைத்து வளர்வதில்லை. தண்டு முழுக்க நார்க்கற்றைகள் சிதறிக் கிடக்கும். வெளிப்புறம் நெருக்கமாகக் கல்போல, உள்ளே சோறுபோல. அதனால் கீறல் விழுந்து ஓடுவதற்கு வழியே இல்லை. இரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, வெளிப்புறத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மட்டை, பாளை, தேங்காய்த் தொட்டி (சிரட்டை) இவ்வளவும் உங்கள் ஊரில் குவிந்து கிடக்க, அடிமரத்தோடு என்ன சண்டை?

பல்லடத்திலிருந்து: பிளந்த விறகு எவ்வளவு நாளில் காயும்? எங்கே அடுக்குவது?

உங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்கலாமா! பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தானே பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். தை, மாசியில் வெட்டிப் பிளந்து, அந்தக் காற்று குறுக்கே புகுந்து போகும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அடுப்புக்குத் தயாராகிவிடும். கீழே கல்லோ பழைய இரும்புக் குழாயோ போட்டுத் தூக்கி அடுக்கினால் கறையான் எளிதில் ஏறாது. மேலே மட்டும் தகரம் போதும். தார்ப்பாயால் நாலா பக்கமும் போர்த்தினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பச்சை மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதை உங்கள் விறகுதான் கொடுக்கிறது, பிறகுதான் பானைக்கு. ஈர விறகு கண்ணைக் கரிக்க வைப்பதும் வெந்நீர் காயாமல் இருப்பதும் இதனால்தான். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம்.

கரூரிலிருந்து: காம்பு ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகும் என்கிறார்களே?

அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். காம்பின் தலையில் இறக்கியிருக்கும் பழைய ஆப்பை எடுத்துவிட்டுப் புதிதாக இறுக்குங்கள். இல்லையென்றால் ஆசாரியிடம் கொடுத்துக் காம்பையே மாற்றுங்கள். ஆடும் கோடாலியை ஓங்கவே ஓங்காதீர்கள்.

கோபியிலிருந்து ஓர் அம்மா: தனியாக இருக்கிறேன் தம்பி. கோடாலி தூக்கத் தோள் இடம் கொடுக்கவில்லை. பெரிய விறகைச் சன்னமாக்க வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறதுங்கம்மா. ஓங்கவே வேண்டாம். விறகை நிறுத்தி, கொடுவாளின் வாயைக் கீறலின் மேல் வைத்து, அதன் முதுகில் கொட்டாப்புளியாலோ (மரச்சுத்தி) ஒரு கனத்த கட்டையாலோ தட்டுங்கள். இரும்புச் சுத்தி வேண்டாம், கொடுவாள் உடையும். விறகு ஓரடிக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது. குட்டையாக இருந்தால்தான் சுலபமாகப் பிளக்கும். அறுக்கும்போதே அந்த அளவில் அறுத்துத் தரச் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தபடியே செய்யலாம், விரலை மட்டும் அலகுக்குக் கீழே விடாதீர்கள். அடுக்கிலிருந்து விறகு எடுக்கும்போது நேரே கையை நுழைக்காமல் முதலில் ஒரு குச்சியால் தட்டுங்கள். தேளும் பாம்பும் அங்கே தங்கும்.

தாராபுரத்திலிருந்து: வேலியோர அரளியை வெட்டிப் போட்டிருக்கிறோம். காய்ந்தபின் வெந்நீர் அடுப்பிலாவது எரிக்கலாமா?

எந்த அடுப்பிலும் கூடாது. காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, புகையும் கெடுதல். சருகு ஒன்று தீவனத்தோடு கலந்தாலும் மாட்டுக்கு ஆபத்து. இன்றைக்கே மாடு கட்டும் கட்டுத்தரைக்கு எட்டாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.