முட்டையும் ஹாஃப் கேப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் இருக்கிறோம். மகனுக்குப் பதினான்கு வயது. ஸ்கேட்போர்டே கதி என்று கிடக்கிறான். முட்டிக்காயத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நண்பர்களோடு அவன் போனில் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை. ஃபேக்கி, ஹாஃப் கேப், ட்ரே ஃப்ளிப் என்று போகிறது. தமிழ் என்று பார்த்தால் ‘டா’ மட்டும்தான். இதெல்லாம் ஒரு மொழியா, வெறும் கூச்சலா? இன்னொன்று, எனக்கு மொழியியல் படிக்க ரொம்ப நாளாக ஆசை. இனிமேல் கல்லூரிக்கெல்லாம் போக முடியாது. இணையத்தில் எங்கே தொடங்கலாம்?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

மகனிடமிருந்தே தொடங்கலாம்.

அவன் பேசுவது தனி மொழி இல்லை, நம் இலக்கணம் குழூஉக்குறி என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் கூச்சல் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹாஃப் கேப்பையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் கபலேரோ என்று கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்கேட்டர். 1980-களின் தொடக்கத்தில், பின்பக்கமாக உருண்டு போய்க்கொண்டே (இதுதான் ஃபேக்கி), பலகையைக் கையால் தொடாமல் அதோடு எழும்பி (இது ஆலி) 360 டிகிரி சுற்றி இறங்கிக் காட்டினார். அந்த வித்தைக்கு ‘கபலேரியல்’ என்று பெயர் வந்தது. நாளடைவில் அது ‘கேப்’ என்று சுருங்கியது. 180 டிகிரியோடு நிறுத்திக்கொண்டால் அரை கேப். ஒரு மனிதரின் பெயரை அளவுச்சொல்லாக்கி, அதையும் பாதியாக வெட்டிவிட்டார்கள். (இதே பெயரில் காலணிகூட விற்கிறது.)

இதில் இன்னொரு விஷயம் உண்டு. முதுகுப்புறமாகத் திரும்பினால் வெறும் ‘ஹாஃப் கேப்’ போதும். எதிர்ப்பக்கம் திரும்பினால் ‘ஃப்ரண்ட்சைடு’ என்று முன்னால் சேர்த்தே ஆகவேண்டும். மளிகைக் கடையில் முட்டை என்றால் கோழி முட்டைதான், வாத்து முட்டை வேண்டுமென்றால் சொல்லித்தான் கேட்க வேண்டும், இல்லையா? எதைச் சொல்லாமல் விடலாம், எதைச் சொல்லியாக வேண்டும் என்பது மொழியியலில் பெரிய ஆராய்ச்சி. உங்கள் பையன் அதைப் படிக்காமலே சரியாகச் செய்துகொண்டிருக்கிறான்.

ஃப்ரண்ட்சைடு என்பதே அலைச்சறுக்கிலிருந்து வந்த சொல். அலையைப் பார்த்தபடி போனால் ஃப்ரண்ட்சைடு, அலைக்கு முதுகு காட்டினால் பேக்சைடு. 1970-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் வறட்சி வந்து வீட்டு நீச்சல்குளங்கள் வற்றின. பையன்கள் சுவரேறிக் குதித்து, அந்த வளைந்த சிமென்ட் சுவர்களில் அலைமேல் போவது போலவே ஸ்கேட்போர்டை ஓட்டினார்கள். தண்ணீர் போன இடத்திலும் கடல்காரர்களின் சொற்கள் தங்கிவிட்டன.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அவனிடம் ‘ஹீல்ஃப்ளிப் ஃப்ரண்ட்சைடு ஸ்விட்ச்’ என்று சொல்லுங்கள். சிரித்துவிட்டு, ‘ஸ்விட்ச் ஃப்ரண்ட்சைடு ஹீல்ஃப்ளிப்’ என்று திருத்துவான். காரணம் கேட்டால் “அப்படித்தாம்மா சொல்லணும்” என்பான். அப்புறம் ‘ஸ்விட்ச் நாலி’ என்று சொல்லிப் பாருங்கள். ஸ்விட்ச் என்றால் கால் மாற்றி நிற்பது, நாலி என்றால் பலகையின் முன்நுனியைத் தட்டி எழும்புவது. இரண்டையும் சேர்ப்பதில் விதிப்படி தப்பில்லை. ஆனால் அதே அசைவுக்கு ‘ஃபேக்கி ஆலி’ என்ற பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் இந்தப் பெயருக்கு இடமில்லை. பேசுகிறவர் எதை ஏற்கிறார், எதற்கு முகம் சுளிக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் மொழியியலார் களத்தில் செய்கிற வேலையும்.

சரி, இணையத்துக்கு வருவோம். ‘மொழிபெயர்க்கவே முடியாத பத்துச் சொற்கள்’ வகையறாவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்துக்குப் போங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் அங்கே இலவசம். பெங்களூரில் இருப்பது உங்களுக்கு வசதி. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு. வீட்டு வாசலில் காதில் விழுவதை அந்த அகராதியில் சரிபார்க்கலாம். ஒலிகளுக்கு, சர்வதேச ஒலிப்பு நெடுங்கணக்கைத் தட்டினால் ஒலிக்கும்படி வைத்திருக்கும் தளங்கள் பல உண்டு. அதில் நம் ழகரத்தைத் தேடுங்கள். ஆங்கில ‘ஆர்’ தலைகீழாக நின்று வால் நீட்டியிருக்கும். உலக மொழிகளை ஒப்பிட ‘வால்ஸ்’ என்ற நிலப்படத் தொகுப்பு இருக்கிறது. பெயரடை பெயருக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று கேட்டால், உலகப் படத்தில் மொழிக்கு ஒரு புள்ளி வைத்துக் காட்டும். மூன்றும் போதும், ஒரு வருடம் ஓடும்.

‘டா’ மட்டும்தான் தமிழ் என்கிறீர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. வினைச்சொல்லைக் கவனித்தீர்களா? ஆலி ‘அடிக்கிறானா’, ‘போடுகிறானா’, ‘பண்ணுகிறானா’? எல்லா வித்தைக்கும் ஒரே வினைதானா, வித்தைக்கு வித்தை மாறுகிறதா? ஒட்டுக்கேட்டாவது எழுதுங்கள்.