சோலார், பேட்டரி இருந்தால் ஜெனரேட்டர் வேண்டாமா?

கேள்வி: உச்சிப்புளியில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். இராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அங்கே கரன்ட் போனால், டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் சோலாரும் பேட்டரியும் வைத்தே சமாளிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் ஜெனரேட்டரை அடியோடு விட முடியாது.

கூரையில் சோலார் இருந்தாலே கரன்ட் போகும்போது கைகொடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். லைனோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவர் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. பேட்டரியும் தனித்து ஓடும் இன்வெர்ட்டரும் சேர்ந்தால்தான் அவசரத்துக்கு ஆகும். 2015-ல் முழுக்க சூரிய மின்சாரத்துக்கு மாறிய கொச்சி விமான நிலையம்கூட, பகலில் மிஞ்சுவதை கிரிட்டில் (பொது மின்கட்டமைப்பில்) கொடுத்து இரவில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கிரிட்டே விழுந்தால் அந்தக் கணக்கு உதவாது.

பேட்டரியின் பலம் வேகம்தான். சர்வதேச விதிப்படி, கருவிகளின் வழிகாட்டலில் விமானம் இறங்கும் முறைகளில் முதல் வகைக்கான (கேட்-1) ஓடுபாதையின் ஓர விளக்குகள் 15 விநாடிக்குள் மாற்று மின்சாரத்தில் எரிய வேண்டும். பார்வை மிகக் குறைவாக இருக்கும்போது இறங்கும் ஓடுபாதையில் நடுக்கோட்டு விளக்குகளுக்கு 1 விநாடிதான் அவகாசம். நின்றுகிடக்கும் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி லோடு (மின்சுமை) எடுக்கவே பல விநாடி ஆகும். கட்டுப்பாட்டு கோபுரத்தின் ரேடியோவும் கம்ப்யூட்டரும் அதுவரைகூடத் தாங்காது.

சரி, அப்புறம் டீசல் எதற்கு? ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடித்து நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் போகும்போது வானமும் மூடிக்கிடக்கும். சோலார் தேவைப்படும் நாளில்தான் வெயில் இருக்காது. ஆகவே சில மணி நேரத்துக்குப் பேட்டரி, அதற்கு மேல் ஜெனரேட்டர். டெர்மினல் ஏசியையும் கடைகளையும் இந்த அவசர லோடில் சேர்க்காதீர்கள். சிறிய மின்தடைகளைப் பேட்டரியே பார்த்துக்கொண்டால் டீசல் செலவு வெகுவாகக் குறையும். ஒரு லிட்டர் எரித்தால் கிடைப்பது மூன்று யூனிட் சொச்சம், புகையாய்ப் போவதோ 2.7 கிலோ கரியமில வாயு.

டீசலுக்குப் பதில் பயோடீசல் (தாவர எண்ணெய் போன்றவற்றில் செய்த எரிபொருள்) போடுவதானால், டேங்கில் மாதக்கணக்கில் தேக்க வேண்டாம். கடலோர ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும். மாதாந்திரச் சோதனையில் ஜெனரேட்டரை வெறுமனே ஓட விடாமல், மூன்றில் ஒரு பங்கு லோடாவது கொடுங்கள். இல்லாவிட்டால் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் கருப்பாக வழியும்.

உப்புக்காற்றுதான் எனக்குப் பெரிய கவலை. சேஞ்ச்ஓவர் பேனலை (லைனிலிருந்து மாற்று மின்சாரத்துக்கு மாற்றும் பெட்டியை) திறந்து பாருங்கள், செம்பு பஸ்பாரில் (மின்சாரம் பாயும் பட்டையில்) பச்சை பூத்திருந்தால் அவசர நேரத்தில் அந்த இணைப்பு சூடேறிக் காலை வாரும். உப்புப்பனி சோதனையில் (உப்புக்காற்றின் அரிப்பைத் தாங்குமா என்று பார்ப்பது) தேறிய சோலார் பேனல்களையே வாங்குங்கள். பேட்டரி அறையின் காற்றுவழி கடலைப் பார்க்கக் கூடாது. 1964-ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கரை இது, அறையின் தரைமட்டத்தை நன்றாக உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.