இரண்டரை வயது மகளுக்கு எந்தப் பொம்மை வாங்கிக் கொடுத்தாலும் பத்தே நிமிடத்தில் தூக்கிப் போடுகிறாள். அவளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வேறு என்ன வாங்கலாம்?

நீங்களும் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவராகத்தான் இருப்பீர்கள். வெறுங்கையோடு உள்ளே நுழைய மனசு வராது. நானும் அப்படித்தான் வாங்கிக் குவித்தேன். மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு 7,000 ரூபாயில் பேட்டரி கார். நான்கு நாள் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

அதே மாதம் என் மாமியார் முறுக்கு சுட்டார். சூடு ஆறிய ஒன்றை அவள் கையில் கொடுத்தார். ஒரு கடி கடித்தவள், நேராக வாட்ச்மேன் தாத்தாவிடம் ஓடி, மிச்சத்தை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "ஏய், எச்சில்!" என்று அதட்டினேன். "இருக்கட்டும்மா, புள்ளை குடுக்குது" என்று அவர் குனிந்து வாங்கிக் கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டதும் கைதட்டிக் குதித்தாள் பாருங்கள், கார் வந்த அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. அதட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

2012-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதித்திருக்கிறார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள், தின்பண்டம் கைக்கு வந்தபோது காட்டியதைவிட, அதை ஒரு கைப்பாவைக்குக் கொடுத்தபோது அதிக மகிழ்ச்சி காட்டினார்களாம். அதிலும் தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் கூடுதல். சின்ன ஆய்வுதான், எல்லாக் குழந்தைக்கும் இதுவே சட்டம் என்று நான் சொல்லவில்லை. பொம்மையே வாங்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. வாங்க முடியாதவள் பேசுகிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

கொடுக்க ஒரு வழி செய்து வையுங்கள், போதும். எங்கள் வீட்டில் காலையில் காக்கைக்குச் சோறு வைப்பது அவள் வேலை. ஆனால் "அக்காவுக்குக் கொடு" என்று கையிலிருந்து பிடுங்காதீர்கள். அதைச் செய்துபார்த்து, ஒரு மணி நேரம் அழுகையைத்தான் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் சறுக்குமரம் இருந்த இடத்தைக் கார் நிறுத்தக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், பெரும்பான்மை முடிவாம். குழந்தைகளுக்கு ஏது ஓட்டு? தாத்தாவின் நாற்காலிக்கும் எங்கள் படிக்கட்டுக்கும் நடுவில் இப்போது வண்டிகள் திரும்புகின்றன. முறுக்கோடு ஓடப் பார்க்கிறவளை ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.